கழுதைக்கும் தெரிஞ்ச கணக்கு

வாடா பேராண்டி, இப்படி வந்து உக்காரு. அரை மணி நேரமா திண்ணையில உக்காந்து "சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம், குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம்"னு கத்திக்கிட்டிருக்கியே, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் ஊர்ப் பேரு கூவறான்னுல்ல நெனச்சேன். எந்த பஸ் எங்கே போகும்னே தெரியாமக் கூவுற கண்டக்டரை இப்பத்தான் பாக்கறேன்.

எங்கே, பரீட்சைத் தாளைக் காட்டு. பின்னால சொருகாதே, உங்க அப்பனும் அங்கதான் சொருகுவான். ஓகோ! வாத்தியார் ஒரு முக்கோணம் போட்டு எந்த வகைன்னு கேட்டிருக்காரு. ஒரு மூலையில சின்னதாக் கட்டம் வேற போட்டிருக்காரு, இதுதான்டா செங்கோணம்னு பிள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி. நீ "குறுங்கோண முக்கோணம்"னு எழுதியிருக்கே. ஏன்டா அப்படி?

"ரெண்டு மூலை குறுங்கோணமா இருந்துச்சு தாத்தா. மெஜாரிட்டி அதுதானே?"

அடப்பாவி! நான் என்ன பஞ்சாயத்து எலெக்ஷனா நடத்தறேன்? உலகத்துல எந்த முக்கோணத்தை வேணும்னாலும் எடு, குறைஞ்சது ரெண்டு மூலை குறுங்கோணமாத்தான் இருக்கும். அதுங்க ஓட்டை எண்ணினா எல்லா முக்கோணமும் குறுங்கோண முக்கோணம்தான். அப்புறம் மூணு பேரு எதுக்கு?

90 பாகைக்குக் கீழே குறுங்கோணம், சரியா 90ன்னா செங்கோணம், அதைத் தாண்டினா விரிகோணம். இதை நீ தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவே. முக்கோணத்துக்குப் பேரு வைக்கும்போதுதான் சறுக்கறே. மூணு மூலையில எது பெருசோ அதை மட்டும் பாரு. பெருசே குறுங்கோணம்னா மத்த ரெண்டையும் கேக்க வேண்டாம், மொத்தமும் குறுங்கோண முக்கோணம். பெருசு செங்கோணம்னா செங்கோண முக்கோணம். விரிஞ்சு கெடந்தா விரிகோண முக்கோணம். எதிர்வீட்டுல எட்டுப் பேரு இருக்காங்க. ஊரு அதை என்னன்னு சொல்லுது? "போஸ்ட்மேன் வீடு". மிச்சம் ஏழு பேருமா தபால் கொண்டுபோறாங்க?

செங்கோணம் ரெண்டு இருந்தா என்ன ஆகும்னு கேக்கறியா? கேளு கேளு. அம்பது வருஷம் கரணை பிடிச்சவன்கிட்டத்தான் கேக்கறே. தரையில பத்தடிக்கு ஒரு வாணம்னு வெச்சுக்க. இந்த முனையில தூக்குக்குண்டு விட்டு நேரா ஒரு சுவர் எழுப்பறேன். அந்த முனையிலயும் அதே மாதிரி ஒண்ணு. ரெண்டும் எங்கடா போய்ச் சேரும்? பெரிய கோயில் உசரத்துக்கு எழுப்பினாலும் நடுவுல அதே பத்தடி நிக்கும். மேல கூரை போட்டுக் குடித்தனம் பண்ணலாம், முக்கோணமா மூட முடியாது. விரிகோணம் ரெண்டுன்னா இன்னும் மோசம். சுவர் ரெண்டும் வெளிப்பக்கமாச் சாஞ்சு, மேல போகப்போக விலகிப் போகும், பாகப்பிரிவினை முடிஞ்ச அண்ணன் தம்பி மாதிரி.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா காலண்டர்ல நேத்துத் தேதியைக் கிழி. கோணல் மாணலா எப்படி வேணும்னாலும் ஒரு முக்கோணம் வெட்டு. மூணு மூலையையும் பிச்சு, மூணு முனையும் ஒரே புள்ளியில தொடற மாதிரி பக்கத்துல பக்கத்துல வை. பாத்தியா, அடியில ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோடா வந்துடுச்சு. அதுதான் 180 பாகை. ஒரு மூலையே 90ஐத் தின்னுட்டா மிச்சம் ரெண்டும் மீதி 90க்குள்ளதான் குடித்தனம் நடத்தணும். பிக்கறது கிழிக்கறது உனக்குக் கைவந்த கலைதானே, இன்னைக்காவது உருப்படியாக் கிழிச்சே.

அப்புறம், முக்கோணம் ஆறு வகைன்னு உனக்கு யாருடா சொன்னது? புத்தகத்துல ஆறு பேரு வரிசையா இருந்தா ஆறு வகையா? கேள்வி ரெண்டுடா. பக்கம் எப்படின்னு ஒரு கேள்வி, கோணம் எப்படின்னு ஒரு கேள்வி. கல்யாணத் தரகர் வந்தா "மாப்பிள்ளைக்கு எந்த ஊர்? என்ன உத்தியோகம்?"னு ரெண்டுந்தானே கேக்கறோம். "மாப்பிள்ளை கும்பகோணத்துக்காரரா, இல்லை கம்பவுண்டரா?"ன்னு யாராவது கேட்டா அவனை என்னன்னு சொல்லுவோம்? "இது இருசமபக்கமா, செங்கோணமா?"ன்னு நீ நேத்து உன் சிநேகிதன்கிட்ட மல்லுக்கு நின்னியே, அதுவும் அந்த ரகம்தான். ரெண்டுமா இருக்கலாம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பக்கத்தால ஒரு பேரு, கோணத்தால ஒரு பேரு உண்டு.

இப்ப பக்கத்துக்கு வருவோம். பாட்டி விளக்குமாத்துலேருந்து மூணு ஈர்க்கு உருவிக்கிட்டு வா. பாட்டி பாத்துட்டா என் பேரை இழுக்காதே. ஒண்ணை 3 செ.மீ., ஒண்ணை 4 செ.மீ., ஒண்ணை 8 செ.மீ. நறுக்கு. சேத்து முக்கோணம் பண்ணு, பாப்போம். என்ன முழிக்கறே? ரெண்டு சின்னதும் ரெண்டு முனையிலேருந்து கையை நீட்டுது, நடுவுல ஒரு செ.மீ. எட்டலை, இல்லையா? 8ஐ 7ஆ நறுக்கு. எட்டிடுச்சு, ஆனா படுத்துக்கிச்சு. ஈர்க்கு மேல ஈர்க்கு, மூலையும் இல்லை முக்கோணமும் இல்லை. இன்னும் ஒரு செ.மீ. நறுக்கு. ஆங், இப்பத்தான் எழுந்து உக்காருது. எந்த ரெண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூணாவதைவிடப் பெருசா இருக்கணும். மூணு குச்சி கெடைச்சாலே முக்கோணம்னு நெனச்சுக்கிட்டிருந்தியா?

இதை யூக்ளிட்டுன்னு ஒரு கிரேக்கர், கி.மு. 300 வாக்கில், நிரூபிச்சு எழுதி வெச்சிருக்காரு. அவரோட முதல் புத்தகத்துல 20ஆவது கணக்கு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறே. ஒரு கணக்கு வாத்தியாருக்கு வீடு கட்டினேன். அவரு வாயை மூட மாட்டாரு, நான் கையை நிறுத்த மாட்டேன். சுவர் எழும்ப எழும்ப யூக்ளிட்டும் எழும்பினாரு. எபிகூரஸ்னு ஒரு தத்துவக்காரரோட கட்சிக்காரங்க இந்தக் கணக்கைப் பாத்துக் கைகொட்டிச் சிரிச்சாங்களாம். "இதுக்கு ஒரு நிரூபணமா? ஒரு மூலையில கழுதை நிக்குது, இன்னொரு மூலையில புல்லு கெடக்குது. கழுதை நேராப் போகுமா, மூணாவது மூலையைச் சுத்திக்கிட்டுப் போகுமா? இது கழுதைக்கே தெரியுமே!"ன்னு. இந்தக் கதையை அஞ்சாம் நூற்றாண்டுல புரோக்ளஸ்னு ஒருத்தர் எழுதி வெச்சிட்டு, பதிலும் சொல்லியிருக்காரு. கண்ணுக்குத் தெரியறது வேற, ஏன்னு புரியறது வேறன்னு. நீ ரோட்டைச் சுத்தாம வரப்புல குறுக்கால பள்ளிக்கூடம் போறியே, அந்தக் கழுதை அளவுக்குக் கணக்கு உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். மிச்சத்துக்குத்தான் பீஸ் கட்டறோம்.

மூணு பக்கமும் ஒரே நீளம்னா சமபக்கம். ரெண்டு ஒரே நீளம்னா இருசமபக்கம். மூணும் மூணு விதமா இருந்தா அசமபக்கம். சினிமாவுல முக்கோணக் காதல்னு சொல்றானே, அதெல்லாம் அசமபக்கம்தான். ஒரு பக்கம் எப்பவும் நீளமா இழுத்துக்கிட்டே கெடக்கும்.

இருசமபக்கத்துல சமமான ரெண்டு பக்கத்துக்கும் எதிரே இருக்கற மூலைகளும் சமம். இது யூக்ளிட்டோட அஞ்சாவது கணக்கு. இதுக்கு ஐரோப்பாவுல என்ன பேரு வெச்சாங்க தெரியுமா? கழுதைப் பாலம். இதைத் தாண்ட முடியாதவன் அக்கரைக்குப் போக லாயக்கில்லாத கழுதைன்னு நக்கல். பாரு, இங்கயும் கழுதை! கணக்குச் சொல்லிக் கொடுக்கறவங்களுக்குக் கழுதை இல்லாமப் பொழுது போகாது போல. உங்க அப்பன் உனக்குப் பாடம் நடத்தும்போதும் அதேதான் காதுல விழுது.

ஒரு வம்பு இருக்கு. சமபக்க முக்கோணம் இருசமபக்கமும் ஆகுமா? யூக்ளிட் ஆகாதுன்னுட்டாரு. ரெண்டு மட்டும் சமமா இருந்தாத்தான் அந்தப் பேருன்னு தனியா ஒதுக்கி வெச்சிட்டாரு. இன்னைக்குக் கணக்குக்காரங்க பெரும்பாலும் குறைஞ்சது ரெண்டு சமமா இருந்தாப் போதும்கறாங்க. எனக்கு இதுதான் நியாயமாப் படுது. மூணு மாடு வெச்சிருக்கறவன்கிட்ட "ரெண்டு மாடு இருக்கா?"ன்னு கேட்டா இல்லைன்னா சொல்லுவான்? ஆனா ராசா, பரீட்சையில மூணும் சமம்னா சமபக்கம்னே எழுதிட்டு வந்துடு. யூக்ளிட்டுக்கும் எனக்கும் இருக்கற தகராறுல உன் மார்க்கு போக வேண்டாம்.

படத்தைத் தலைகீழாப் போட்டா உனக்குக் கண்ணு கட்டிடுதே, அதுக்கும் ஒண்ணு சொல்றேன். நான் இளவட்டமா இருந்த காலத்துல ஊர்ச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைஞ்சிருக்கும். தலைகீழ் முக்கோணம், மூணு பக்கமும் சமம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம். அது தலையால நின்னாலும் சமபக்கம்தான், மூலைக்கு 60 பாகைதான். நானும் உங்க பாட்டியும் தினம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் கடைவீதிக்குப் போவோம். நல்லாப் பாத்தோம். உங்க அப்பன் எங்களுக்கு நாலாவது. அந்த முக்கோணத்தை நாங்க சரியாப் படிச்சிருந்தா இன்னைக்கு எனக்கு இந்தத் தலைவலி ஏது?

சரி, இப்ப கவனி. உங்க வாத்தியார் இதை இன்னும் சொல்லியிருக்க மாட்டாரு. கோணமானி இல்லாம, வெறும் டேப்பை வெச்சு மூலையோட குணத்தைச் சொல்லிடலாம். மனையில மூலைக்கு ஒரு முளைக்குச்சி அடிச்சு ரெண்டு பக்கமும் நூல் கட்டுவோம். ஒரு நூல்ல முளையிலேருந்து 3 அடியில ஒரு குறி. இன்னொரு நூல்ல 4 அடியில ஒரு குறி. குறிக்கும் குறிக்கும் நடுவுல டேப்பைப் பிடிச்சா சரியா 5 அடி வரணும். வந்தா மூலை செங்கோணம். அஞ்சுக்குக் குறைஞ்சா மூலை ஒடுங்கியிருக்கு, குறுங்கோணம். அஞ்சைத் தாண்டினா வாயைப் பொளந்திருக்கு, விரிகோணம். நூலை அதுக்கேத்த மாதிரி தள்ளணும். பெரிய கூடமா இருந்தா 15, 20, 25ன்னு பிடிப்போம், எல்லாம் அதே குடும்பம்.

கொத்தனாருக்கு அஞ்சு தெரிஞ்சாப் போதும். உனக்கு ஏன் அஞ்சுன்னும் தெரியணும். 3ஐ 3ஆல பெருக்கு, 9. 4ஐ 4ஆல பெருக்கு, 16. கூட்டினா 25. அது அஞ்சஞ்சு. எந்த முக்கோணமா இருந்தாலும் நீளமான பக்கத்துக்கு எதிரேதான் பெரிய மூலை குந்தியிருக்கும். அதனால நீளமானதோட வர்க்கத்தை ஒரு தட்டுல வை, மத்த ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டி இன்னொரு தட்டுல வை. சமமா நின்னா செங்கோணம். 5, 6, 7 எடு. 25ம் 36ம் 61, ஏழேழு 49. நீளமானது தோத்துடுச்சு, குறுங்கோணம். 4, 5, 8 எடு. 16ம் 25ம் 41, எட்டெட்டு 64. நீளமானது ஜெயிச்சுடுச்சு, விரிகோணம். பக்கத்தை மட்டும் கேட்டே, கோணம் தானா வந்து வாயைத் திறந்துச்சு பாரு.

இதை நான் ஒழுங்காக் கத்துக்கிட்டது எப்படின்னு சொல்றேன், உங்க அப்பன்கிட்ட சொல்லாதே. எனக்கு இருபத்தஞ்சு வயசு, தனியா எடுத்த முதல் வேலை. 20 அடிக்கு 15 அடி கூடம். பெரிய மேஸ்திரியா இருந்தா மூணு நாலு அஞ்சு பிடிச்சிருப்பாரு. நமக்குத்தான் கண்ணுலயே மூலைமட்டம் இருக்கேன்னு திமிரு. சுவர் எழும்பிச்சு, பூசியாச்சு, வெள்ளையும் அடிச்சாச்சு. பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. கடப்பாக்கல் பதிக்க வந்தான் ஒருத்தன். நீளச் சுவரை ஒட்டி வரிசை பிடிச்சுக்கிட்டே வந்தவன், குட்டைச் சுவர்கிட்ட வந்ததும் நின்னுட்டான். "அண்ணே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க வீட்டுல கூடமே கோணல்ணே"ன்னான்.

டேப்பைப் போட்டோம். மூலைக்கு மூலை 25 அடி வரணும். ஒரு பக்கம் 25 அடி 3 அங்குலம், மறுபக்கம் 24 அடி 9 அங்குலம். ஒரு மூலை விரிகோணமாயிடுச்சு, பக்கத்து மூலை குறுங்கோணமாயிடுச்சு. கணக்குப் பண்ணினா தப்பு ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அந்த ஒரு பாகை என்ன பண்ணிச்சு தெரியுமா? குட்டைச் சுவர் ஓரமா ஒரு இடைவெளி, இந்த முனையில ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சு, 15 அடி தள்ளி அந்த முனைக்குப் போகும்போது நாலு அங்குலத்துக்குக் கிட்ட அகலம். அதுக்குத் தக்கபடி கல்லை ஒவ்வொண்ணா இழைச்சு இழைச்சு ஒட்டினான். பாதி நாள் ஆச்சு. வீட்டுக்காரர் கூலியில பிடிக்கலை. பிடிச்சிருந்தாத் தேவலை. வர்ற விருந்தாளியை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் அந்த ஓரத்தைக் காட்டுவாரு, "நம்ம கொத்தனார் கைவேலை"ன்னு. அந்த இடைவெளி என்ன வகை முக்கோணம்? யோசிச்சு சொல்லு. ஆமா, அசமபக்கச் செங்கோண முக்கோணம். மறப்பேனா நான்?

இப்படி ஊசி மாதிரி நீண்ட முக்கோணத்தை நில அளவைக்காரனும் கிட்ட சேர்க்க மாட்டான். அளவுல ஊசிமுனை தப்பினா விடையில உலக்கை தப்பும். கூடிய மட்டும் சமபக்கத்தை ஒட்டி, ஒரு மூலையும் 30 பாகைக்குக் கீழே போகாம இருக்கற முக்கோணமாத் தேடுவாங்க. 1802ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரர் சென்னையில பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைலுக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தாரு. அதுலேருந்து கோணத்தை அளந்து அளந்து முக்கோணத்தோட முக்கோணமாப் பின்னிக்கிட்டே போனாரு. நம்ம பக்கம் வந்ததும் மாட்டிக்கிட்டாரு. தென்னைமரம் இருக்கு, நாத்து இருக்கு, ஏறிப் பாக்க ஒரு மலை இருக்கா? கோயில் உச்சிதான் வழி. 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல, கோணம் அளக்கற தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தினாங்க. அரை டன் கனம். பாதியில கயிறு அறுந்து, கருவி போய்ச் சுவத்துல மோதி நசுங்கிடுச்சு. மனுஷன் அழுதுக்கிட்டு உக்காரலை, வாரக்கணக்கா உக்காந்து தட்டித் தட்டி நிமித்தி மறுபடியும் வேலையை ஆரம்பிச்சாரு. நீ நேத்துக் கவராயத்து முள்ளு வளைஞ்சு போச்சுன்னு வீட்டுப்பாடத்தையே மூடி வெச்சிட்டே.

கடைசியா ஒரு பொருத்தம் பாத்துடுவோம். பக்கத்தால மூணு பேரு, கோணத்தால மூணு பேரு. மூமூணு ஒம்போது ஜோடி வரணும், இல்லையா? நம்ம தெருவுல தேடு. ஓட்டு வீட்டுப் பக்கச் சுவரை அண்ணாந்து பாரு. ரெண்டு சரிவும் சமம், ஓடு லேசாச் சாயறதால உச்சி விரிஞ்சிருக்கு. இருசமபக்க விரிகோணம். அடுத்தாப்ல கீத்துக் கொட்டகை. மழை வழியணுமேன்னு நல்லாச் செங்குத்தா இறக்கியிருக்காங்க, உச்சி ஒடுங்கியிருக்கு. அதே இருசமபக்கம், ஆனா குறுங்கோணம். இப்படித் தேடித் தேடி எத்தனை ஜோடி கெடைக்கும்? ஏழுதான். சமபக்கத்துக்குச் செங்கோணமும் அமையாது, விரிகோணமும் அமையாது. 180 பாகையை மூணு பிள்ளைக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுத்த வீட்டுல ஆளுக்கு 60தான். அதுல எவனால 90 கேக்க முடியும்?

போய் உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திற. உள்ளே ரெண்டு மூலைமட்டம் கெடக்கும், அதுல ஒண்ணை வெச்சு நீ மாங்காய் கீறினதையும் நான் பாத்தேன். ஒண்ணுல மூலைங்க 45, 45, 90. அது இருசமபக்கச் செங்கோணம். இன்னொண்ணுல 30, 60, 90. அது அசமபக்கச் செங்கோணம். அப்படியே சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போய், சமபக்கத்துலயும் ஒரு மூலைமட்டம் வேணும்னு கேட்டுப் பாரு. ஸ்டேஷனரிக் கடைக்காரன் நல்ல மனுஷன், ஏணி போட்டு மேல்தட்டுலகூடத் தேடிப் பாப்பான்.